உலையில் விழுந்த இரண்டாவது உப்பு

கியாசுதீன் பாய் தன்னைப் பற்றிப் பேசும்போது 'நான்' என்று சொல்லமாட்டார். 'கியாசுதீன்' என்பார். "கியாசுதீன் பக்கத்துல நின்னா போதும், கறி தானா வேகும்" என்பார். "கியாசுதீன் கை படாத கல்யாணம் இந்த ஊர்ல எது?" என்பார். கேட்கிறவனுக்கு, யாரோ ஒரு பெரிய மனிதர் பக்கத்தில் நிற்பதுபோலவும், இவர் அவருடைய ஏவலாள் போலவும் தோன்றும்.

எங்கள் ஊரில் முஸ்லிம் வீட்டு விசேஷங்களுக்குப் பிரியாணி போடுகிற தலைமைச் சமையல்காரரைப் பண்டாரி என்போம். பாயின் தகப்பனார் சரிகைக் கடையில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவர். மகனுக்கு உட்கார்ந்த வேலை ஒத்துவரவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு பண்டாரியிடம் வெங்காயம் உரிக்கப் போனார். கறி வெட்டி, விறகு தள்ளி, கடைசியில் கரண்டி கைக்கு வந்தது. வந்ததும் முதல் காரியமாக 'பண்டாரி கியாசுதீன், காஞ்சிபுரம்' என்று கார்டு அடித்தார். அதில் போன் நம்பர் கிடையாது. "நம்பர் எதுக்குபா? ஊருக்குள்ள வந்து கேட்டா சொல்லுவாங்க" என்றார்.

எனக்குப் பிள்ளையார்பாளையத்தில் வாடகைப் பாத்திரக் கடை. தேக்சா என்கிற பிரியாணி அண்டா, கரண்டி, இரும்படுப்பு, பந்தி மேசை, பந்தல் சாமான் எல்லாம் என் வண்டியில்தான் போகும். அதனால் அவர் சமைத்த இடத்தில் எல்லாம் நானும் நின்றிருக்கிறேன்.

சமையல் உண்மையிலேயே நல்ல சமையல். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வெளியில் சுத்த சைவம் பேசுகிற பட்டுக்கடை முதலாளிகளே பின்வாசல் வழியாக டிபன் கேரியர் அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் ருசியைவிடப் பெரிய காட்சி, அவர் தம் திறப்பது. கறியின் மேல் அரைவேக்காட்டுச் சோற்றை அடுக்கி, தேக்சாவை இறுக்கி மூடி, மூடிமேல் நெருப்புக் கங்கைக் கொட்டி, ஆவியிலேயே வேகவிடுவதுதான் தம். அந்த மூடியை அவர் ஒருவர்தான் தொடலாம். கங்கைத் தள்ளிவிட்டு, 'பிஸ்மில்லாஹ்' சொல்லி, மூடியை ஒரு பக்கம் தூக்கி, வருகிற ஆவிக்குள் முகத்தைக் கொடுப்பார். கண் மூடியிருக்கும். சுற்றி நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "ம்... ஆச்சு" என்று அவர் சொன்ன பிறகுதான் பந்தி. முதல் தட்டு வண்டிக்காரனான எனக்கு. "எப்படி தாஸு?" என்பார். "ஏ ஒன் பாய்" என்பேன். யேசுதாஸ் என்ற என் பேரை அவர் அந்த அளவுக்குத்தான் வைத்திருந்தார்.

ஒருமுறை ஒரு பெரிய வீட்டு மருமகன் ஆசைப்பட்டு மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டார். பாய் கரண்டியைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார், நடந்தார். வீட்டுக்காரர் தெருமுனைவரை ஓடிவந்து கெஞ்சியும் திரும்பவில்லை. அன்று பரிமாறியது நானும் தப்ரேஸும்தான்.

தப்ரேஸ், பாயின் மனைவி மெஹதாப்புக்குத் தம்பி. பாயிடமே வேலை செய்கிறவன். நாற்பது வயதாகியும் பாய்க்கு அவன் பொடியன். "இவன் அரிசி களையறதுக்கே இன்னும் கத்துக்கணும்" என்பார், அவன் காதுபட. "ஆமா துலாபாய்" என்பான் அவன். அக்கா கணவரை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெங்காயம் வெட்ட வருகிற கங்கையம்மாள்தான் அவனுக்காகப் பேசுவாள். "அவன் அரிசி களையலைன்னா பாயி உலையில வெறுந்தண்ணிதான் கொதிக்கும்." பாய் சிரிப்பார். அடுத்தவர் எது பேசினாலும் அது தமாஷ் என்பது அவர் எண்ணம்.

கொரோனா வந்து ஊரே வீட்டுக்குள் கிடந்தபோது அவருக்கும் வந்தது. பிழைத்து எழுந்தார். மூக்கும் நாக்கும் எழவில்லை. பலபேருக்கு வாசனையும் ருசியும் போய்விட்டுத் திரும்பி வந்தன. அவருக்கு வரவே இல்லை. அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. கல்யாணங்கள் மறுபடி ஆரம்பித்ததும் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஆவிக்குள் முகத்தைக் கொடுத்தார். கண்ணை மூடினார். "ம்... ஆச்சு."

முதலில் கண்டுபிடித்தது மெஹதாப். ஒருநாள் வீட்டில் பால் அடிப்பிடித்துத் தெருவரைக்கும் தீய்ந்த நாற்றம். அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கத்தவில்லை. அடுப்பை அணைத்தார். தம்பியைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினார். "நமக்கு தெரியும்னு அவருக்கு தெரியக் கூடாதுடா. தெரிஞ்சா உட்கார்ந்துடுவாரு."

அதிலிருந்து தப்ரேஸ் பின்னாலேயே நிற்பான். பாய் குத்துமதிப்பாக உலையில் உப்பைப் போட்டுவிட்டு நகர்ந்ததும், இவன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துச் சரிசெய்வான். தம் ஆனதும் கரண்டியால் தேக்சா விளிம்பில் ஒரு தட்டு தட்டுவான். அதற்குப் பிறகுதான் பாய் எழுந்து மூடிக்குப் போவார். அந்தத் தட்டலுக்கு அவர் காத்திருந்தாரா, இல்லை அது தானாக அமைந்ததா, எனக்குப் புரிந்ததில்லை. மனுஷன் தன்னையே ஏமாற்றிக்கொள்வதில் எவ்வளவு தூரம் போவான் என்று யார் கண்டது?

எனக்குத் தெரியும். கங்கையம்மாளுக்குத் தெரியும். கறிக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அவர் ஆவியில் முகத்தைக் கொடுக்கும்போது நாங்கள் எல்லோரும் தரையைப் பார்ப்போம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது அவருடைய ஒரே மகள் ஷிஃபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு ஆற்காடு. பிரியாணி விஷயத்தில் ஆற்காட்டுக்காரர்களுக்கு அடுத்த ஊர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வைகாசி கருட சேவை சமயத்தில் ஊருக்குள் வண்டி நகராது என்பதால், திருவிழா முடிந்த மறுவாரம், செவிலிமேட்டில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள்.

நிக்காஹ்வில் பெண்ணுக்கு 'வலி' என்கிற பொறுப்பாளராக நின்று, அவள் சார்பில் ஒப்புக்கொடுக்க வேண்டியவர் தகப்பன். குளித்து, ஷெர்வானி போட்டு, மேடையில் இருக்க வேண்டும். "அன்னிக்கு ஒருநாள் கரண்டியை தப்ரேஸ்கிட்ட குடுங்க" என்று மெஹதாப் நயமாகச் சொல்லிப் பார்த்தார்.

"கியாசுதீன் பொண்ணு கல்யாணத்துல வேற கை கரண்டி பிடிச்சதுன்னு ஆற்காட்டுல பேசணுமா? மானம், இஜ்ஜத் என்னா ஆவறது?"

தகப்பனைப் 'பாவா' என்று கூப்பிடுகிற ஷிஃபாவும் சொன்னாள். "பாவா, எனக்கு பிரியாணி வேணாம். நீங்க மேடைல இருந்தா போதும்."

"இருக்கேன் கண்ணு. தம்மை திறந்துட்டு நேரா மேடைக்கு வந்துடறேன்."

கல்யாணத்தன்று லுங்கியும் பனியனுமாக மண்டபத்துப் பின்கட்டில் நின்றார். ஷெர்வானி மாடி அறையில் ஆணியில் தொங்கியது. நடுவில், மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துவிட்டது என்று வாசலுக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் உலை கொதித்துவிட்டது. அக்கா பெண்ணின் கல்யாணம், இதில் விளையாட்டு வேண்டாம் என்று தப்ரேஸ் நினைத்திருக்கிறான். பழைய டப்பாவில் இருந்த கல்லுப்பை அளந்து போட்டான். நாக்கில் வைத்துப் பார்த்தான். தலையாட்டிக்கொண்டான்.

அந்த நேரம் பாய், மாப்பிள்ளையின் தகப்பனாரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார், தன் அடுப்படியைக் காட்டுவதற்கு. புது உப்பு மூட்டை கட்டு அவிழ்க்காமல் மூலையில் இருந்தது. அது அவர் கண்ணில் பட்டது. கரண்டியில் உலைத் தண்ணீரை மொண்டு, ஊதி, சம்பந்தி பார்க்க நாக்கில் விட்டுச் சப்புக்கொட்டினார்.

"உப்பே இல்ல" என்றார்.

"போட்டாச்சு துலாபாய்" என்றான் தப்ரேஸ்.

"எங்க போட்ட? மூட்டை கட்டினபடி கெடக்குது."

"டப்பாலேர்ந்து போட்டேன். பார்த்துட்டேன். சரியா இருக்குது."

"நீ பார்த்துட்டியா? கியாசுதீன் நாக்குக்கு தெரியாதது உன் நாக்குக்கு தெரிஞ்சுடுச்சா?" சம்பந்தி பக்கம் திரும்பினார். "இந்த மாதிரி ஆளுங்களை வச்சுக்கினுதான் பாய், கியாசுதீன் இந்த ஊரை ஆண்டுக்கினு இருக்கான்."

சம்பந்தி மரியாதைக்குச் சிரித்து வைத்தார். தப்ரேஸின் முகம் சுண்டிப்போயிற்று. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பன் எதிரில் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. எங்களைப் பார்த்தான். நாங்கள் வழக்கம்போலத் தரையைப் பார்த்தோம்.

"வெளிய போய் நில்லு. இன்னிக்கு கியாசுதீன் தனியா போடறான்."

மூட்டையை அவிழ்த்து இரண்டு கையாலும் அள்ளி உலையில் போட்டார். உடனே அரிசியையும் கொட்டச் சொன்னார். கங்கையம்மாள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

தப்ரேஸ் என் வண்டியின் பின்பலகையில் போய் உட்கார்ந்திருந்தான். நான் அங்கே போனேன்.

"ரெண்டு உப்பு விழுந்துடுச்சு தாஸண்ணே. வாய்ல வைக்க முடியாது."

"போய் சொல்லேன்டா."

"அக்காவுக்கு சத்தியம் பண்ணிருக்கேன்."

"ஆற்காட்டுக்காரங்க உன் சத்தியத்தை தொட்டுக்கினு சாப்பிடுவாங்களா?"

அவன் எழுந்தான். சுவர் ஓரமாகவே உள்ளே போய் அக்காவைக் கூட்டிவந்தான். வண்டியில் மிச்சம் இருந்த தேக்சாவை நான் இறக்கிக் கொடுத்தேன்.

பின்கட்டில் பாய் தம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து ஆள் வந்தது. "நிக்காஹ் நடத்த காஜியார் வந்துட்டாரு, உங்களை கேக்கறாரு."

"தம் ஆவட்டும்."

மறுபடி ஆள் வந்தது. "மாப்பிள்ளை உட்கார்ந்துட்டாரு பாய். எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க."

"தம் ஆவட்டும்னு சொன்னேன்ல."

சொன்னாரே தவிர, அவருக்கு உட்கார முடியவில்லை. மூடியைப் பார்த்தார். நெருப்பைப் பார்த்தார். எழுந்தார், உட்கார்ந்தார். விளிம்பில் அந்தத் தட்டல் வரவில்லை. தட்டுகிறவனை அவரே துரத்திவிட்டார். கடைசியில், விறகு பார்க்கப் போகிறவர்போல வெளியே வந்து என் வண்டிக்குப் பின்பக்கம் போனார்.

அங்கே அடுப்பில் வெள்ளைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணின் தாய், அரக்குப் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தார். கங்கையம்மாள் விறகு தள்ளினாள். தப்ரேஸ் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது யாருக்கு?" என்றார் பாய்.

கங்கையம்மாள் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

"வெறுஞ்சோறு யாருக்கு மெஹதாப்?"

"உங்க பிரியாணில கலக்கறதுக்குங்க" என்றார் அந்த அம்மா. "உப்பு ரெண்டு தடவை விழுந்துடுச்சு."

"கியாசுதீன் நாக்குல வச்சுப் பார்த்துட்டுத்தான்..."

"எனக்கு தெரியுங்க. பால் அடிப்பிடிச்ச அன்னிக்கே தெரியும்."

அவர் தப்ரேஸைப் பார்த்தார். கங்கையம்மாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன், தரையைப் பார்த்தேன். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எல்லாருக்குமா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நான் ஆவியில மூஞ்சியை குடுத்துக்கினு நிக்கறப்ப... எல்லாரும் தெரிஞ்சுக்கினேதான் நின்னீங்களா? சிரிச்சீங்களா?"

"ஒருநாளும் சிரிக்கலைங்க" என்றார் மெஹதாப்.

"நான் ஒருவாட்டி சிரிச்சேன் பாயி" என்றாள் கங்கையம்மாள். "மூடியே திறக்கல, கமகமன்னு வருதுன்னு சொன்னீங்க. அன்னிக்கு மட்டும் அடக்க முடியல."

அவர் காதுமடல் வரைக்கும் சிவந்துபோனது. மூக்கு போனதற்கு மனுஷன் அவ்வளவு வெட்கப்படமாட்டான். நோய் யாருக்கும் வரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, ஊரே வாய் மூடி நிற்க, இல்லாத வாசனையை முகர்ந்து 'ஆச்சு' என்று தீர்ப்புச் சொன்னாரே, அத்தனை தடவையும் ஒரே நேரத்தில் அவர் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். பந்தல் போடுகிறவன் நான். கீழே நின்று பார்த்தால் துணி தானாகவே உயரத்தில் நிற்பதுபோல்தான் இருக்கும். மூங்கிலை யாரும் பார்ப்பதில்லை. துணியும் பார்ப்பதில்லை. அன்று அவர் பார்த்தார். பட்டுப்புடவையில் கரி அப்பிக்கொண்டு அவருடைய மூங்கில்கள் அடுப்பைச் சுற்றி நின்றன.

துண்டை உதறித் தோளில் போட்டார். நடந்தார்.

அந்த நடை எங்களுக்குத் தெரியும். அது திரும்பாத நடை. உள்ளே மகளின் நிக்காஹ் அவருக்காக நிற்கிறது. மெஹதாப் "தாஸண்ணே" என்று மட்டும் சொன்னார். நான் பின்னாலேயே போனேன்.

மண்டபத்துக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த மூஞ்சியோட அங்க போய் நிக்கறது தாஸு? இத்தனை பேரும் என்னை தூக்கிக்கினு நடந்திருக்கீங்க. நான் என்னமோ நானே நடக்கறதா நெனச்சுக்கினு இருந்தேன். அவனை வேற, சம்பந்தி எதிர்ல..." அதற்கு மேல் சொல்லவில்லை.

டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறுறீங்களா பெரியவரே?" என்றார். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்று நம்பர் போடாமல் கார்டு அடித்த மனுஷன். கண்டக்டருக்கு அவர் அழுக்கு லுங்கியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவர், அவ்வளவுதான். அவர் ஏதோ யோசிப்பதுபோலக் கண்டக்டரையே பார்த்தார்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. வந்ததைச் சொன்னேன். "பாய், உள்ள காஜியார் வலி யாருன்னுதான் கேட்டுக்கினு இருக்காரு. பண்டாரி யாருன்னு ஒருத்தரும் கேக்கல."

பஸ் கிளம்பியது. அவர் எழுந்தார். மண்டபத்துப் பக்கம் திரும்பினார்.

உடை மாற்ற நேரமில்லை. குழாயடியில் முகத்தைக் கழுவினார். யாரோ ஓடிப்போய் ஷெர்வானியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். கீழே லுங்கி, மேலே ஷெர்வானி. அப்படியே மேடையேறினார். ஆற்காட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஷிஃபா பார்த்திருக்கிறாள். "பாவா வந்துட்டாரா?" என்று பலபேரிடம் கேட்டுக்கொண்டே இருந்தவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை என்று பின்னால் மெஹதாப் சொன்னார்.

"வலியோட பேரு?" என்று கேட்டார் காஜியார்.

எத்தனையோ ஆயிரம் தடவை தானே சொல்லிச் சொல்லித் திரிந்த பேர். வாய் திறந்தது, பேர் உடனே வரவில்லை. பிறகு "கியாசுதீன்" என்றார், யாரோ வேறொருவருடையதைத் தொட்டுவிட்டவர்போல.

நிக்காஹ் முடிந்து கீழே இறங்கியபோது தம்மைத் தப்ரேஸ் திறந்து, இரண்டு சோற்றையும் கலந்துவிட்டிருந்தான். தயிர்ப் பச்சடிக்கும் பருப்பு போட்ட தால்சாவுக்கும் உப்பே போடாமல் சமாளித்திருந்தார்கள். சாப்பிடும்படி இருந்தது. நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். முதல் பந்தியில் சம்பந்தி நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் டம்ளரைத் தேடினார். பாய் டம்ளரை எடுத்துக் கொடுத்தபடி அவர் முன்னால் நின்றார்.

"உப்பு தூக்கலா இருக்கும் பாய். தப்ரேஸ் சரியாத்தான் போட்டான். நான்தான் மேல அள்ளிப் போட்டேன். எனக்கு நாக்குல ருசி தெரியாது. ரொம்ப நாளா தெரியாது."

சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்தார். "பரவால்ல, உட்காருங்க" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த தப்ரேஸின் கை அப்படியே நின்றது. பாய் உட்காரவில்லை. அவனைத் தலைநிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவர் வெளியில் தலைகாட்டவில்லை. தொழுகைக்குக்கூடக் கறிக்கடை இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிப் போனார் என்று கேள்விப்பட்டேன். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். இப்போது ஒருவரும் பேசாமல் நின்றால், அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

பிறகு ஒரு கல்யாணத்துக்கு நான் தேக்சா இறக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். தோளில் துண்டு இல்லை. தப்ரேஸ் கரண்டியை எடுத்து நீட்டினான். அவர் வாங்கவில்லை. "நெருப்பு பார்த்துக்கறேன்டா. கண்ணு நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குக் கீழே குந்தி உட்கார்ந்தார். கங்கையம்மாள், "பாயி, அந்தப் பக்கம் விறகு சரியா எரியல, அதுவும் கண்ணுக்கு தெரியுதா பாருங்க" என்றாள். அவர் விறகைத் தள்ளினார்.

இன்றுவரை அவர் வேலை அதுதான். தப்ரேஸ் தம் திறக்கும்போது பழைய ஆட்கள் சிலர் பழக்கதோஷத்தில் பாயின் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் அந்த நேரத்துக்கு எழுந்து கங்கில் தண்ணீர் தெளிக்கப் போய்விடுவார். காது இன்னும் சிவக்கிறது.

முதல் தட்டு இப்போது எனக்கு வருவதில்லை. தப்ரேஸ் அதை அவருக்கு வைக்கிறான். முதல்தடவை வைத்தபோது அவர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"எப்படி துலாபாய்?" என்றான் அவன்.

நான் தரையைப் பார்த்தேன். பழக்கம் விடவில்லை.

அவர் நிதானமாக மென்று விழுங்கினார். "சூடா இருக்குது" என்றார்.